யார் வர்றீங்க டீச்சர்

நாலாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'யார் வர்றீங்க டீச்சர்'. வகுப்புக்குள் வந்து ஒரு கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். முன்பு கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொடுதிரை. டீச்சர் அதிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கச் சுவரில் முதுகு படும்படி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ம்... இப்ப யார் வர்றீங்க?" என்பார். பாதி வகுப்பு எழுந்து நிற்கும். மீதிப் பாதி அதற்குள் திரைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

பின்னால் கட்டிய கைகளில், இடது கை வலது கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். அது அந்தச் சுவருக்கு மட்டும்தான் தெரியும்.

திரையில் வருவது கட்டைகள். மரக்கட்டை இல்லை, படக்கட்டை. சின்னச் சதுரம் என்றால் ஒன்று. பத்துச் சதுரம் ஒட்டிய நீளக் கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த பலகை நூறு. விரலை வைத்து இழுத்தால் கூடவே வரும். இரண்டு தட்டுத் தட்டினால் உடையும்: பலகை பத்துக் கம்பியாகும், கம்பி பத்துக் கட்டையாகும். கழித்தலில் 'பக்கத்து வீட்டுல கடன் வாங்கு' என்று காலகாலமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்ட பிள்ளையை 'வாயை மூடு' என்று அடக்கி வந்த விஷயம், திரையில் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். கடனும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிசைச் சின்னதாக உடைக்கிறோம், அவ்வளவுதான். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்ததைத் தொட முடியவில்லை.

கை நடுக்கம் சாக்பீஸ் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் கரும்பலகை நல்ல பலகை. உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதில் ஊன்றிக்கொண்டால் விரல் நின்றுவிடும், எழுத்தும் நேராக வரும். கையடியில் எப்போதும் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கும். கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸ் தூள் இருப்பதை யார் என்னவென்று கேட்கப்போகிறார்கள்? பிறகு ஒரு விடுமுறையில் கரும்பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

புதுத் திரையைச் சொல்லிக்கொடுக்கக் கம்ப்யூட்டர் சார் எல்லா டீச்சர்களையும் கூட்டினார். இளைஞர். எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம். டீச்சர் தன் முறை வந்ததும் முன்னால் போய், வழக்கம்போல உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு விரலை நீட்டினார். திரையில் இருந்த கட்டைகள் அத்தனையும் காணாமல் போயின. உள்ளங்கை பட்டால் அது டஸ்டர் என்று திரைக்கு நினைப்பு.

"சாயாதீங்க டீச்சர், இது சுவர் இல்ல. சாயாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, கையை எடுத்து, வெறும் விரலை மட்டும் நீட்டிக் கம்பியைத் தொட்டார். தொட்டதும் அது பொலபொலவென்று உடைந்தது. உடைந்த கட்டை ஒன்றை இழுத்தார். அது பாதி வழியில் விரலை விட்டு நழுவிப் பழைய இடத்துக்கே ஓடியது.

"மெதுவா டீச்சர். ரெண்டு தட்டு தட்டிட்டீங்க. ரெண்டு தட்டு."

அவர் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. விரல் தானாகத் தட்டிக்கொண்டது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மடியில் இருந்த பைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, அப்பாவை நினைத்துக்கொண்டார். அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். ஊசி போட்டதே தெரியாது என்று பேர் வாங்கியவர். அந்தக் கை நடுங்கத் தொடங்கியபோது யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசிக்கு வந்தவர்கள், மடித்துவிட்ட சட்டைக்கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, "பரவாயில்ல சார், நர்ஸம்மாவே வரட்டும். நமக்கென்ன அவசரம்," என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். டாக்டர் அவரை மருந்துப் பெட்டி அடுக்கும் உள் அறைக்கு மாற்றினார். மரியாதையோடுதான் மாற்றினார். அதற்கப்புறம் அப்பா வீட்டில் பேசுவது குறைந்துபோனது. கடைசிக் காலத்தில் கரண்டி தட்டிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேரவில்லை. அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

பள்ளிக்கூடத்திலும் அப்படி ஓர் உள் அறை உண்டு. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் நூலகம். குரல் கட்டிப்போன பாட்டு டீச்சர் இப்போது அங்கேதான் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைத் துரத்தவில்லை. தினமும் வணக்கம் வைக்கிறார்கள். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் டீச்சர் நடையை வேகமாக்கிக்கொள்வார்.

அதனால்தான் 'யார் வர்றீங்க' பிறந்தது. திரையைத் தொடுகிற வேலை முழுவதையும் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு, வாயால் மட்டும் பாடம் நடத்தினார். தள்ளிவிட்டதில் ஒரு நன்மையும் இருந்தது. பிள்ளைகள் தப்பாக உடைத்தார்கள், சண்டை போட்டார்கள், திருத்திக்கொண்டார்கள், கணக்கும் வந்தது. ஆனால் நன்மைக்காக அவர் அதைச் செய்யவில்லை. முன் பெஞ்சில் ஒரு வாயாடிப் பெண் உண்டு. அவள் ஒரு நாள் கேட்டாள்.

"டீச்சர், ஒரே ஒரு தடவை நீங்க பண்ணிக் காட்டுங்க டீச்சர்."

"எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியுமான்னு பார்க்கத்தான் நான் சம்பளம் வாங்கறேன். வா, நீயே வா."

வகுப்பு சிரித்தது. டீச்சர் கைகளைப் பின்னால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு நாள் ஹெச்.எம். மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தார். பெல் அடித்ததும் டீச்சர்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நீங்க எல்லாம் அந்தப் போர்டைப் பிடிச்சா விடமாட்டேங்கறீங்க. பசங்க பொம்மலாட்டம் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு உக்காந்திருக்குதுங்க. இவங்களைப் பாருங்க. கையே வைக்கல. மொத்தத்தையும் பசங்ககிட்ட விட்டுட்டாங்க. இதுதான் டீச்சிங்."

கணக்கு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"வர்ற சனிக்கிழமை மத்த ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாம் நம்ம ஸ்கூலுக்கு வர்றாங்க, இந்தக் கட்டை வெச்சு எப்படிக் கணக்கு நடத்தறதுன்னு பார்க்க. நீங்கதான் செஞ்சு காட்டறீங்க."

"நம்ம பசங்களை வரச் சொல்லலாமா மேடம்?"

"சனிக்கிழமை யார் பசங்களை அனுப்புவாங்க? நீங்களே செஞ்சு காட்டுங்க. உங்களுக்கென்ன, தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க."

சொல்லலாம். சொல்வதில் என்ன கஷ்டம்.

அடுத்து வந்த நாட்களில், பிள்ளைகள் போன பிறகு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டார். உடைந்தது. மேசையைத் திரைக்கு அருகே தள்ளி முழங்கையை அதில் ஊன்றிப் பார்த்தார். கீழ்ப்பாதிக்கு எட்டியது, மேல்பாதிக்கு எட்டவில்லை. பிறகு இடது கை நினைவுக்கு வந்தது. இடது விரலால் கம்பியைத் தொட்டு இழுத்தார். அது அடம்பிடிக்காமல், கன்றுக்குட்டி மாதிரி கூடவே வந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வந்தது. டீச்சருக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே. மூன்றாவதை இழுக்கும்போதுதான் பார்த்தார். இடது கையின் சுண்டுவிரல், யாருக்கோ தலையாட்டுவது போல, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கையைக் கீழே இறக்கிக்கொண்டு, பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காவல்காரர் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நேரே வீட்டுக்குப் போகாமல் தங்கச்சி வீட்டுக்குப் போனார். தங்கச்சி அடுத்த தெருவில் குடியிருந்தாள். தையல் வேலை. முன் அறை முழுவதும் பள்ளிச் சீருடைகள், பாதிக்கு மேல் காலர் இல்லாமல் கிடந்தன.

"என்னக்கா, வந்ததும் வராததுமா கையைத் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காந்திருக்க? காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டவ மாதிரி."

டீச்சர் கையை வெளியே எடுத்து, நீட்டிக் காட்டினார்.

மிஷின் நின்றது. தங்கச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"அது ஆகுது, வருஷத்துக்கு மேல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ ஏன்க்கா இப்படி இருக்க? அரை டம்ளர் டீயை ரெண்டு கையால பிடிச்சுட்டுக் குடிக்கிற. நானே கவனிச்சுட்டேன். மாமா பஸ் ஓட்டறவர். கண்ணாடியில பின்னால வர்ற சைக்கிளைப் பார்க்கிற மனுஷனுக்கு முன்னால உக்காந்திருக்கிற பொண்டாட்டி தெரியாதா?"

"தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டாரா?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

டீச்சர் சனிக்கிழமை சமாச்சாரத்தைச் சொன்னார். இடது சுண்டுவிரலைச் சொன்னார். நூலகத்தைச் சொன்னார்.

"காய்ச்சல்னு சொல்லிடேன்."

"இந்தத் தடவை காய்ச்சல். அடுத்த தடவை? எனக்குக் கணக்கு நடத்தறதைத் தவிர என்னடி தெரியும்? அந்த மாடிப்படிக்கு அடியில உக்காந்து நம்பர் ஒட்டிட்டிருந்தா நான் ஆறு மாசத்துல அப்பா மாதிரி ஊமையாயிடுவேன்."

தங்கச்சி மிஷினில் இருந்த ஊசியைத் தொட்டாள். "நான் ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. தினம் காலையில எழுந்ததும் நான் செய்யற முதல் வேலை ஊசியில நூல் கோக்கறது. தைக்கறதுக்கு இல்ல, அப்பா மாதிரி கை ஆடுதான்னு பார்க்க. முதல் தடவையிலயே போயிடுச்சுன்னா அன்னைக்குப் பொழுது நிம்மதியாப் போகும். போகலைன்னா, வெளிச்சம் சரியில்லன்னு சொல்லிக்குவேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"அடிக்கடி வெளிச்சம் சரியில்லாமப் போகுது."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"நீ ஏன் டாக்டர்கிட்ட போகல?" என்றார் டீச்சர்.

"நீ ஏன் போகல?"

"போனா அது பேரைச் சொல்லிடுவாங்க."

"எனக்கும் அதேதான்," என்று தங்கச்சி மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை வந்தது. வந்திருந்த டீச்சர்களைப் பிள்ளைகளின் பெஞ்சுகளிலேயே உட்காரவைத்திருந்தார்கள். முட்டி மேசையில் இடிக்க, கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பெரிய பெரிய ஆட்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். ஹெச்.எம். மேடம் மைக்கைக் கணக்கு டீச்சர் கழுத்தில் மாட்டிவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்தார்.

முந்நூற்று இரண்டில் இருந்து நூற்று நாற்பத்தேழைக் கழிக்க வேண்டும். நடுவில் பூஜ்யம் இருக்கிற கணக்கு. எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம். திரையில் மூன்று பலகையும் இரண்டு கட்டையும் தயாராக இருந்தன. டீச்சர் ஜன்னல் ஓரம் நின்று அழகாகத் தொடங்கினார். இரண்டில் இருந்து ஏழு போகாது, பக்கத்தில் கம்பி ஒன்றுகூட இல்லை, அப்போது பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு, எப்போதும்போலச் சொன்னார்.

"இப்ப யார் வர்றீங்க?"

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் கைப்பைக்குள் எதையோ தேடினார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். இத்தனை காலம் இதே முகங்களைப் பெஞ்சுக்கு மறுபக்கம் நின்று பார்த்தவர்தான் டீச்சர். ஆனால் பிள்ளைகளைப் போல இவர்களை மிரட்ட முடியாது.

"நீங்களே காட்டுங்க டீச்சர்," என்றார் ஹெச்.எம். மேடம்.

திரைக்குப் போகிற தூரம் அவ்வளவு நீளமாக என்றைக்கும் இருந்ததில்லை. கை தானாகவே பழைய பழக்கத்தில் திரைமேல் சாயப் போனது. சட்டென்று விலக்கிக்கொண்டு, விரலை நீட்டி முதல் பலகையைத் தொட்டார். உடைந்தது. அது உடைய வேண்டியதுதான். ஆனால் விரலை எடுப்பதற்குள் அது பக்கத்துப் பலகையில் உரசியது, அதுவும் உடைந்தது. கம்பியை நகர்த்தப் பார்த்தார். கம்பி உடைந்தது, இன்னொன்று உடைந்தது, மூன்றாவது பலகையும் போயிற்று. திரை முழுவதும் கம்பியும் கட்டையும் சிதறிக் கிடந்தன. தன் மூச்சு மைக்கில் இரைவது அவருக்கே கேட்டது.

சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் கையைத் தூக்கினார். "எல்லாத்தையும் உடைச்சுட்டீங்களே டீச்சர், அது எதுக்கு?"

கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எவ்வளவு உடைச்சாலும்," என்று தொடங்கிய டீச்சர் திரையைத் திரும்பிப் பார்த்தார், "மதிப்பு மாறாதுன்னு காட்டத்தான். இப்பவும் இது முந்நூத்தி ரெண்டுதான்."

"ஆங்," என்றார்கள். ஹெச்.எம். மேடம் பெருமையோடு திரும்பிப் பின்னால் பார்த்தார். அத்தனை பேரும் குனிந்து, 'முதலில் எல்லாவற்றையும் உடைக்கவும்' என்று எழுதிக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. இன்னும் எத்தனை பள்ளிக்கூடங்களில் திங்கட்கிழமை பலகைகளை நொறுக்கப்போகிறார்களோ என்று தோன்றியது.

சிவப்புக் கண்ணாடி விடுவதாக இல்லை. எழுந்து முன்னாலேயே வந்துவிட்டார். கம்ப்யூட்டர் சார் திரையை மறுபடி பழையபடி ஆக்கிக் கொடுத்தார். சிவப்புக் கண்ணாடி பலகையைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினார்.

"எனக்கு உடையலையே. எப்படித் தட்டினீங்க?"

"கொஞ்சம் வேகமா."

தட்டினார். பலகை கல்லாக நின்றது. "நீங்க தொட்டதும் மழை மாதிரி கொட்டுச்சே டீச்சர். இன்னொரு தடவை செய்ங்க. உங்க கையை வீடியோ எடுத்துக்கறேன், எங்க ஸ்கூல்ல போட்டுக் காட்டணும்."

செல்போனைத் தூக்கிப் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தூக்கினார்கள். எல்லாக் கண்களும் டீச்சரின் வலது கைமேல் இருந்தன. அது இடுப்புப் பக்கத்தில், பிடிக்க ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"எடுக்காதீங்க," என்றார் டீச்சர். "நான் தட்டல. எனக்குக் கை நடுங்குது. அது தானா தட்டிக்குது."

மெல்லத்தான் சொன்னார். மைக் அதை எல்லாருக்கும் சொன்னது.

சிவப்புக் கண்ணாடி செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ எழுதியதைப் பேனாவால் அடிக்கிற சத்தம் கேட்டது. "அப்ப, பசங்களைக் கூப்பிடறீங்களே, அது?" என்று சிவப்புக் கண்ணாடி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுவும் அதுக்குத்தான். ஆனா அது நல்ல முறைதான். அதை அடிச்சிடாதீங்க." டீச்சர் ஜன்னல் ஓரத்துக்குத் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் போய், கட்டாமல் விட்டார். "நீங்களே தட்டுங்க. ஒரு பலகையை மட்டும். விரலை எடுத்து எடுத்துத் தட்டணும். ம், பார்த்தீங்களா. அதுல ஒரு கம்பியை உடைங்க. இப்ப கழிங்க."

நூற்று ஐம்பத்தைந்து வந்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்துவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு தாழ்வாரத்தில் ஹெச்.எம். மேடம் வந்து நின்றார்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?"

மேடம் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. "லைப்ரரிக்கு மாத்தியிருப்பேன்."

"இப்ப?"

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. திங்கட்கிழமை பேசலாம்." போகத் திரும்பியவர் நின்றார். "அந்தச் சிவப்புக் கண்ணாடி, உங்க நாலாம் வகுப்பை அவங்க ஸ்கூல் டீச்சர்ஸ் வந்து பார்க்கலாமான்னு கேட்டுட்டுப் போகுது. பசங்க இருக்கிறப்ப."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திங்கட்கிழமை பேசலாம்னு சொன்னேன்."

அன்று மாலை கிளினிக் பெஞ்சில் அக்காவும் தங்கச்சியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் கூடவே கிளம்பி வந்த டீச்சரின் புருஷன் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இனிமேலாவது முழு டம்ளர் டீ போடலாமா? சிந்தினா சிந்திட்டுப் போகுது." தங்கச்சி பையில் இருந்து நூல்கண்டை எடுத்து, ஊசியைத் தேடி, பிறகு இரண்டையும் உள்ளே போட்டுவிட்டாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்? பேசாம இரு."

"பேரைச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும்."

உள்ளே ஒருவர் போய் வெளியே வந்தார். கதவு பாதி திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "யார் முதல்ல வர்றீங்க?" என்று கேட்டாள்.

தங்கச்சி மின்விசிறியைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்சம் கழித்து டீச்சர் பெஞ்சின் விளிம்பில் கையை ஊன்றினார். அது மரம்தான், நன்றாகச் சாயலாம். ஊன்றி எழுந்தார்.